தொட்டதுக்குக் காசு

நெல்பேட்டை ஸ்டாப்பில் இறங்கி
மீன்கடை ஐஸ் உருகி ஓடும் சந்தில்
செருப்பு நனையாமல் நடக்கத் தெரிந்தவர்களுக்கு
அந்தக் கடை.
போர்டில் நாசி சம்பூர் என்று எழுதியிருக்கும்.
முதல் வாரம் வந்தவர்கள்
சம்பூர் யார், எந்த ஊர்க்காரர் என்று
விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு தட்டு.
பேர் தெரிய வேண்டாம், விரல் போதும்.
இது. அது.
அதுக்குப் பக்கத்தில் கறுப்பாய் இருக்கே, அது.
மேலூர் வண்டியில் இருபத்தாறு வருசம் கண்டக்டர் நான்.
எங்க போகணும், வாயைத் திறந்து சொல்லுங்க என்று
சனத்தை அதட்டிய ஆள்
இங்கே வந்து கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கல்லாவில் யுஸ்னிதார்.
பாடாங் பக்கம் ஏதோ மலையூர்.
கோலாலம்பூரில் ஒரு கடையில்
அவள் தேங்காய்ப்பால் பிழிந்தாள்,
நைனார் முகம்மது சோறு போட்டார்.
மிச்சத்தை அவர் சொல்வதில்லை, சிரிப்பார்.

தட்டை ஒரு தரம் பார்ப்பாள்.
எழுத மாட்டாள், எண்ண மாட்டாள்,
"நூத்தி நாப்பது" என்பாள்.
நானும் ஸ்டேஜ் கணக்குக்காரன்தானே,
முட்டை பாதி, பலாக்காய், நெத்திலி என்று
மனசுக்குள் கூட்டிப் பார்ப்பேன்.
ஒரு ரூபாய் தப்பாது.
தப்பினால் அது என் கூட்டல்.

ஊர் சும்மா இருக்குமா?
"ரசம் இல்லாம எப்படிண்ணே முடிக்கிறது?"
"எல்லாக் குழம்பையும் ஒண்ணா ஊத்துறீங்க,
பந்தியில வாளி கவுந்த மாதிரி?"
நைனார் அதற்கொரு சொல் வைத்திருந்தார். பஞ்ஜிர்.
அங்கே அப்படிக் கேட்டால்
ஒவ்வொரு குழம்பிலும் ஒரு கரண்டி,
சோறு மூழ்கும் வரை.
என்ன அர்த்தம் என்றேன்.
வெள்ளம் என்றார்.
தினம் எட்டு நடை வைகையைத் தாண்டுகிறேன்,
கீழே மாடு மேயும்.
"ஊத்துங்க" என்றேன்.

ஆரம்பத்தில் அவள் ஊர் வழக்கம்தான் இங்கேயும்.
கேட்காமலே எல்லாத் தட்டையும் மேசையில் பரப்பி,
தொட்டதுக்கு மட்டும் காசு.
தொடாதது அடுத்த மேசைக்கு.
மூன்று நாள் நடந்தது.
"எவன் எச்சியோ எனக்கெதுக்கு?"
முனிச்சாலைக்காரர் ஒருத்தர் எழுந்து போக
பின்னாலேயே நாலு பேர்.
மறுநாள் கண்ணாடிப் பெட்டி வந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லையாம்.
அரைத்த மிளகாயை
மறுபடி எடுத்து அரைத்தாளாம்.

ஐப்பசி, கடைசி நடை,
ஒத்தக்கடையிலேயே பிடித்துக்கொண்டது மழை.
கடையில் ஈ காக்கை இல்லை.
வழக்கம்போல் விரலை நீட்டினேன்.
"உட்காருங்க."
வந்தாள்.
மணிக்கட்டில் ஒன்று, அதன் மேல் ஒன்று,
முழங்கை தாண்டித் தோள் வரைக்கும் தட்டுகள்,
ஒரு சொட்டுச் சரியாமல்.
இந்த வித்தையை இத்தனை நாள்
எந்தப் பரணில் போட்டு வைத்திருந்தாள்?

பதினோரு தட்டு, ஒரே ஆள்.
என் கல்யாணத்தில்கூட எனக்கு இப்படி வைக்கவில்லை.
மூன்றைச் சாப்பிட்டேன்.
கறுப்புக் கறியில் தேங்காய் வறுபட்டுக் கரைந்து
நாக்கில் நின்றது வெகுநேரம்.
நாலாவது,
மொச்சைபோல் பச்சையாய், கேஸ் கசிகிற வாசத்தில் ஒன்று.
யாரோ விமானத்தில் பெட்டிக்குள் கொண்டுவருவது.
கரண்டியைத் தூக்கி மோந்து பார்த்துத்
திரும்ப வைத்துவிட்டேன்.

கல்லாவில் நானே சொன்னேன்: "மூணு."
"நாலு."
என் தட்டைக் காட்டினாள்.
மிச்சச் சோற்றின் ஓரத்தில்
ஒரே ஒரு பச்சைக் கொட்டை.

ஏறினா டிக்கெட்டு,
அடுத்த ஸ்டாப்ல இறங்கினாலும் டிக்கெட்டு என்று
எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன்.
எண்ணிக் கொடுத்தேன்.
அந்தத் தட்டைப் பார்சல் கட்டிக் கையில் தந்தாள்.

சந்தில் கணுக்கால் தண்ணீர்,
ஐஸா மழையா தெரியவில்லை.
பார்சலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் சிட்டம்மா பிரித்தாள்,
மூக்கைப் பொத்தினாள்,
என்னய்யா இது என்றாள்.
பேர் கேட்க மறந்திருந்தேன்.
விரலால் காட்டினேன்.